குடும்பத் தலைவராய் வாழ்ந்த வேதசாட்சி: புனித தோமஸ் மோர்

புனிதர்கள் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருபவர்கள் குருக்களும் துறவிகளும் கன்னியருமே. வீடு வாசல், மனைவி மக்கள், உத்தியோகம், வருமானம் என்று அல்லற்படும் இல்லறத்தாருக்குப் புனிதம் எட்டாத கனி என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. இவ்வெண்ணம் தவறானது என்பதற்குச் சான்றாக நிற்பவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் புனித தோமஸ் மோர். அவர் இருமுறை மணம் முடித்தவர். நான்கு பிள்ளைகளின் தந்தை. பதினொரு பேரப்பிள்ளைகளின் பாட்டனார். நாட்டின் அதியுயர் பதவியில் இருந்து, அதனைத் தாமாகவே துறந்து, தமது 57ஆம் வயதில் கொலைக்களத்தில் தலை வெட்டுண்டு மாண்டவர். குடும்பத்தை உயிராக நேசித்த ஒருவர், அதே குடும்பம் கண்ணீர் விட்டு மன்றாடியபோதும் தம் மனச்சாட்சியை விட்டுக்கொடுக்க மறுத்த வரலாறு இது.

இளமையும் கல்வியும்

தோமஸ் மோர் 1478ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாள் இலண்டன் நகரில் பிறந்தார். தந்தையார் யோன் மோர் ஒரு சட்டத்தரணி. பின்னர் நீதிபதியாக உயர்ந்தவர். மகனைப் புனித அந்தோனியார் பாடசாலையில் இலத்தீன் பயில வைத்த அவர், பின்பு கன்ரபரி அதிமேற்றிராணியார் யோன் மோட்டனின் இல்லத்தில் பணிவிடை செய்யச் சேர்த்துவிட்டார். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் பெரியோர் வீட்டில் ஏவல் செய்து பண்பு பழகுவது அந்நாளைய வழக்கம். உணவு மேசையில் பரிமாறி நின்ற இச்சிறுவனின் மதிநுட்பத்தைக் கண்ட அதிமேற்றிராணியார், இவன் வளர்ந்து வியத்தகு மனிதனாவான் எனத் தம் விருந்தினரிடம் கூறுவாராம். அவரது ஆதரவினால் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் சென்ற மோர், அங்கே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கற்றார். பின்னர் தந்தையின் விருப்பப்படி இலண்டன் திரும்பிச் சட்டம் பயின்றார்.

இளைஞர் மோரின் உள்ளத்தில் ஒரு போராட்டம் இருந்தது. உலக வாழ்வா, துறவா என்பதே அது. கடுந்தவத்துக்குப் பேர்போன கார்த்தூசியன் துறவிகளின் இலண்டன் மடத்தை அண்டி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். அவர்களோடு செபித்தார், நோன்பிருந்தார், தம்மைத் தாமே சோதித்துப் பார்த்தார். முடிவில், தமக்குரிய அழைப்பு இல்லறமே என்று தெளிந்தார். ஆயினும் அம்மடத்தில் பழகிய தவத்தை அவர் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. பட்டாடைக்குக் கீழே உடலை உறுத்தும் முரட்டு உரோமச் சட்டை ஒன்றை அணிந்திருந்தார். அதனை அறிந்தவர் வெகுசிலர். அதனை இரகசியமாகத் துவைத்துக் கொடுத்தவள் மூத்த மகள் மார்கிரட்.

அன்பான கணவர்

1505ஆம் ஆண்டில் எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த யோன் கோல்ட் என்னும் கனவானின் மூத்த மகள் ஜேனை மோர் மணந்தார். அவர் மனம் முதலில் நாடியது இரண்டாவது மகளையாம். ஆனால் தங்கைக்கு முதலில் திருமணம் நடந்தால் அக்காளுக்கு அது தலைகுனிவாகுமே என்று இரங்கி, மூத்தவளையே விரும்பி ஏற்றுக்கொண்டார் என்று அவரது மருமகன் வில்லியம் றோப்பர் எழுதிவைத்துள்ளார். பெண் பார்க்கும் வழக்கமுள்ள நமக்கு இந்த நிகழ்ச்சியின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

நாட்டுப்புறத்தில் வளர்ந்த இளம் மனைவிக்கு அவர் தாமே எழுத்தறிவும் இசையும் கற்பித்தார். மார்கிரட், எலிசபெத், சிசிலி, யோன் என நான்கு பிள்ளைகள் பிறந்தனர். ஆனால் 1511ஆம் ஆண்டில் ஜேன் இளவயதிலேயே இறந்துபோனார். ஆறு வயதுக்கு மேற்படாத நான்கு குழந்தைகளுடன் மோர் தனித்து நின்றார். ஒரு மாதத்துக்குள்ளாகவே அலிஸ் மிடில்ரன் என்னும் விதவையை அவர் மறுமணம் செய்தபோது ஊரார் வியந்தனர். ஆனால் அவர் தேடியது குழந்தைகளுக்கு ஒரு தாயை. அலிஸ் அம்மையார் கணவரிலும் மூத்தவர், வெளிப்படையாகப் பேசுபவர், சிக்கனமும் சுறுசுறுப்பும் உள்ள இல்லத்தரசி. மாற்றாந்தாய் என்ற பேச்சுக்கே இடமின்றி அப்பிள்ளைகளை அவர் தம் பிள்ளைகளாக வளர்த்தார். அவருக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகளை மோரும் அவ்வாறே தம் மகளாக ஏற்றார். கணவரின் அன்பான தூண்டுதலால், நடுவயதைக் கடந்த பின்னும் அம்மையார் இசைக்கருவிகளை மீட்டப் பழகினார். இதனைக் கண்டு வியந்து எழுதியவர் மோரின் உற்ற நண்பரும் ஐரோப்பாவின் பேரறிஞருமான எராஸ்மஸ்.

பெண்பிள்ளைகளும் கற்ற வீடு

பெண்களுக்குக் கல்வி வேண்டியதில்லை என்று கற்றோரே எண்ணிய காலம் அது. மோர் அப்படி எண்ணவில்லை. அறிவு என்னும் விதை ஆண் பெண் என்ற பேதமின்றி எந்நிலத்திலும் முளைக்கும் என்பது அவர் கொள்கை. தம் வீட்டையே ஒரு பாடசாலையாக்கினார். சிறந்த ஆசிரியர்களை அமர்த்தி, மகனோடு மகள்மாருக்கும் வளர்ப்புப் பிள்ளைகளுக்கும் இலத்தீன், கிரேக்கம், தத்துவம், கணிதம், வானியல் எல்லாம் கற்பித்தார். ஆனால் ஆசிரியர்களுக்கு அவர் விடுத்த முதற் கட்டளை, பிள்ளைகள் படிப்பினால் செருக்கடையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதே. நற்குணம் முதலில், கல்வி இரண்டாவது என்று வரிசைப்படுத்தியிருந்தார்.

அரச அலுவலாக அடிக்கடி வெளியூர் செல்லவேண்டியிருந்தபோது, பிள்ளைகள் நாள்தோறும் தமக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எழுத ஒன்றுமில்லை என்ற சாக்கு அவரிடம் செல்லாது. மழையில் நனைந்து, சேற்றில் குதிரை கால் புதைய, வழிப்பயணத்திலேயே அவர் பிள்ளைகளுக்கு இலத்தீன் செய்யுளில் கடிதம் யாத்தார். பிரம்படி சர்வசாதாரணமாய் இருந்த அக்காலத்தில், பிள்ளைகளை அவர் தண்டித்தால் மயிலிறகினால்தான். அதையும் மெதுவாகத்தான் வீசுவார்.

அவரது முயற்சி வீண்போகவில்லை. கர்த்தர் கற்பித்த செபத்துக்கு எராஸ்மஸ் இலத்தீனில் எழுதிய விளக்கவுரையை, மார்கிரட் ஏறக்குறைய 19 வயதிலேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். அது நூலாக அச்சேறியது.

செல்சி இல்லம்

1524ஆம் ஆண்டளவில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள செல்சி என்னும் ஊரில் மோர் பெரிய வீடொன்றை அமைத்துக் குடியேறினார். மகள்மார் மணம் முடித்த பின்னும் கணவர்மாருடன் அவ்வீட்டிலேயே வாழ்ந்தனர். மகன் யோனும், அவர் மணந்த ஆன் என்பவரும் அங்கேயே இருந்தனர். பேரப்பிள்ளைகள் பதினொருவர் அங்கு ஓடி விளையாடினர் என எராஸ்மஸ் குறிப்பிடுகிறார். குரங்கும் நரியும் பலவகைப் பறவைகளும் வளர்ந்த அவ்வீட்டுக்கு வருவோருக்குப் பொழுதுபோவதே தெரியாதாம். புகழ்பெற்ற ஓவியர் ஹொல்பைன் இக்குடும்பத்தார் அனைவரையும் ஒன்றாக இருத்தி ஓவியம் வரைந்தார். மூல ஓவியம் பின்னர் தீயில் அழிந்துபோனாலும், அதற்காக அவர் கீறிய மாதிரிப் படம் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் இன்றும் உள்ளது.

அவ்வீட்டில் ஒவ்வோர் இரவும் எசமானும் ஏவலாளரும் ஒன்றாக முழந்தாளிட்டுச் செபித்தனர். உணவு வேளையில் ஒருவர் வேதாகமப் பகுதியை வாசிக்க, மற்றோர் கேட்டுப் பின் அதுபற்றி உரையாடினர். சீட்டாட்டத்துக்கு இடமில்லை. ஊரிலுள்ள ஏழை முதியவர்களுக்காக மோர் ஒரு தனி வீட்டை ஏற்படுத்தி, அதன் பொறுப்பை மார்கிரட்டிடம் ஒப்படைத்தார். கோயிலில் அவர் பாடகர் குழுவில் சேர்ந்து பாடுவார். சான்சலராக இருந்தபோதே இவ்வாறு வெள்ளை மேலாடையுடன் பாடிக்கொண்டு நின்றவரைக் கண்ட நோர்போக் கோமகன், இது அரசனுக்கு இழுக்கல்லவா என்று கடிந்துகொண்டார். தம் அரசனுக்கும் ஆண்டவராகிய கடவுளுக்குச் செய்யும் பணி எப்படி இழுக்காகும் என்று மோர் புன்னகையுடன் மறுத்துவிட்டார்.

1528ஆம் ஆண்டில் மார்கிரட் கொள்ளைக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டாள். மருத்துவர் கைவிட்டனர். மோர் தோட்டத்திலிருந்த சிற்றாலயத்தில் முழந்தாளிட்டுக் கண்ணீருடன் மன்றாடினார். அவ்வேளையில் மருத்துவர்கள் நினையாத ஒரு சிகிச்சை அவர் மனதில் தோன்றியது; அதனைச் செய்ய, மகள் பிழைத்தாள். அவள் இறந்திருந்தால் உலக அலுவல்களில் இனித் தலையிட்டிருக்க மாட்டார் என்று வீட்டார் அறிந்திருந்தனர். அத்துணை பாசம்.

1529ஆம் ஆண்டில் மோர் அரசனுடன் வெளியூரில் இருந்தபோது செல்சியில் தானியக் களஞ்சியங்கள் தீப்பற்றி எரிந்தன. அயலாரின் களஞ்சியங்களும் சேர்ந்து அழிந்தன. செய்தி அறிந்த மோர் மனைவிக்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. தந்தவரும் எடுத்தவரும் கடவுளே. ஆகவே வீட்டார் எல்லோரும் கோயிலுக்குச் சென்று நன்றி கூறவேண்டும். அயலாருக்கு என்ன நட்டம் என்று விசாரித்து, நம் வீட்டில் ஒரு கரண்டியும் மிஞ்சாவிட்டாலும் அதனை ஈடுசெய்யவேண்டும். வேலையாள் எவரையும் வேறிடம் தேடிக்கொடுக்காமல் நிறுத்தலாகாது. அக்கடிதத்தின் சாரம் இதுவே.

உயர்ந்த பதவியும் அதன் சோதனையும்

இதற்கிடையே மோரின் புகழ் வளர்ந்தது. 1516ஆம் ஆண்டில் வெளியான அவரது உட்டோப்பியா என்னும் நூல் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. 1521இல் சேர் பட்டம். 1523இல் பாராளுமன்றச் சபாநாயகர் பதவி. 1529 ஒக்டோபரில் கர்தினால் வூல்சி வீழ்ச்சியுற, அவர் இடத்தில் சான்சலர் பதவி. நாட்டின் நீதிபரிபாலனம் முழுவதற்கும் அவரே தலைவரானார். இலஞ்சம் வாங்காத நீதிபதி என்று ஏழைகள் அவரை வாழ்த்தினர். முதுமை எய்தியும் இன்னொரு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த தம் தந்தையை, நாள்தோறும் பலர் முன்னிலையில் முழந்தாளிட்டு ஆசி கேட்ட பின்னரே அவர் தம் ஆசனத்துக்குச் செல்வார்.

எட்டாம் ஹென்றி அரசன் மோர்மீது மிக்க பற்றுக் கொண்டிருந்தான். ஒருநாள் முன்னறிவித்தலின்றிச் செல்சிக்கு வந்து உணவருந்தி, மோரின் தோளில் கைபோட்டபடி தோட்டத்தில் ஒரு மணிநேரம் உலாவினான். இதைக் கண்டு மருமகன் றோப்பர் பூரித்துப்போனார். ஆனால் மோர் மயங்கவில்லை. தம் தலையைக் கொடுத்தால் பிரான்சில் ஒரு கோட்டை கிடைக்குமென்றால் அரசன் தலையைக் கொடுக்கத் தயங்கமாட்டான் என்று மருமகனிடம் அமைதியாகக் கூறினார்.

மோர் குறையே அற்றவர் என்று நாம் கூறவேண்டியதில்லை. புதிய மதக் கொள்கைகளை எதிர்த்து அவர் எழுதியவற்றில் கடுஞ்சொற்கள் உண்டு. அவர் சான்சலராயிருந்த காலத்தில், பதிதக் கொள்கைக்காக ஆறுபேர் நாட்டுச் சட்டப்படி எரிக்கப்பட்டனர். அச்சட்டம் நியாயமானதென்றே அவரும் நம்பினார். மதத்தின் பெயரால் எவரையும் வற்புறுத்தலாகாது என்று 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகப் போதித்துள்ள நிலையில், இதனை நாம் வருத்தத்துடனேயே நினைவுகூருகிறோம். தம் காலத்தின் குறையை அவரும் சுமந்தார். ஆனால் மனச்சாட்சிக்காக உயிரைக் கொடுக்கவேண்டிய முறை தமக்கு வந்தபோது அவர் பின்வாங்கவில்லை.

படிப்படியாக இறங்கிய குடும்பம்

1509ஆம் ஆண்டில் மணந்த கதரின் அரசியை நீக்கிவிட்டு ஆன் பொலீன் என்பவளை மணக்க அரசன் விரும்பினான். பாப்பரசர் அதற்கு இசையவில்லை. அரசன் திருச்சபையைத் தன் கைக்குள் கொண்டுவர முற்பட்டான். 1532 மே மாதத்தில் குருக்கள் அரசனுக்குப் பணிந்தனர். அதற்கு மறுநாள், மே 16ஆம் நாள், மோர் தம் பதவி முத்திரையை அரசனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வருமானம் ஒரேநாளில் சுருங்கிற்று. மோர் பிள்ளைகளையெல்லாம் அழைத்து நிலைமையை எடுத்துரைத்தார். தாம் ஒக்ஸ்போட்டில் உண்ட எளிய உணவிலிருந்து அரசசபை உணவுவரை படிப்படியாக ஏறிவந்ததாகவும், இனி அதே படிகளில் ஒவ்வொன்றாக இறங்குவோம் என்றும், கடைசிப் படியிலும் நிற்கமுடியாவிட்டால் எல்லோருமாகப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்தோறும் தேவதாயின் கீதத்தைப் பாடிப் பிச்சையெடுப்போம் என்றும் சிரித்தபடி கூறினார். வேலையாள் எல்லோருக்கும் வேறு வீடுகளில் இடம் தேடிக்கொடுத்தார். குளிர்காலத்தில் விறகு வாங்கப் பணமின்றி, காட்டுச் செடிகளின் சருகைக் கொளுத்திக் குளிர்காய்ந்து குடும்பத்தார் படுக்கைக்குச் சென்றனர். அவர் திருச்சபைக்காக எழுதிய நூல்களுக்குக் கைம்மாறாக மேற்றிராணிமார் திரட்டி வழங்கிய பெருந்தொகைப் பணத்தை அவர் தொடவும் மறுத்தார்.

1533 யூன் மாதம் ஆன் பொலீனுக்கு முடிசூட்டப்பட்டபோது மோர் அவ்விழாவுக்குச் செல்லவில்லை. அரசன் அதனை மறக்கவில்லை. 1534ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் ஒன்றின்படி, அரசனின் புதிய திருமணத்தையும் அதன் வழிவரும் வாரிசுகளையும் ஏற்றுக் குடிமக்கள் சத்தியப்பிரமாணம் செய்யவேண்டியதாயிற்று. வாரிசு யார் என்று தீர்மானிக்கும் உரிமை பாராளுமன்றத்துக்கு உண்டு என்பதை மோர் ஏற்றார். ஆனால் சத்தியப்பிரமாணத்தின் வாசகம் பாப்பரசரின் அதிகாரத்தையே மறுப்பதாக இருந்தது. அதற்கு அவர் உடன்படவில்லை.

1534 ஏப்ரல் 13ஆம் நாள் ஆணையாளர் முன் வரும்படி அழைப்பு வந்தது. காலையில் கோயிலுக்குச் சென்று பாவசங்கீர்த்தனம் செய்து, பூசை கண்டு, நற்கருணை உட்கொண்டார். வழக்கமாக அவர் பயணம் புறப்படும்போது மனைவி மக்கள் எல்லோரும் படகுத்துறைவரை வந்து முத்தமிட்டு வழியனுப்புவர். அன்று அவர் படலையைத் தம் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டார். எவரையும் கூட வரவிடவில்லை. வந்தால் தம் மனம் இளகிவிடும் என்று அவருக்குத் தெரியும். படகில் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, போரில் வெற்றி கிடைத்துவிட்டது என்று றோப்பரின் காதில் சொன்னார். அப்போது அதன் பொருள் றோப்பருக்கு விளங்கவில்லை. செல்சிக்கு மோர் மீண்டும் திரும்பவில்லை.

சிறையில் வந்த கடினமான சோதனை

ஏப்ரல் 17ஆம் நாள் அவர் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கு அவரைக் கடுமையாகச் சோதித்தவர்கள் காவலர் அல்லர், அவர் நேசித்தவர்களே.

மார்கிரட் கடவுளின் சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்கு என்ற நிபந்தனையுடன் சத்தியப்பிரமாணம் செய்திருந்தாள். அதனால் தந்தையைக் காண அனுமதி கிடைத்தது. சந்திக்கும்போதெல்லாம் இருவரும் முதலில் சங்கீதங்களையும் பிரார்த்தனையையும் சொல்வர், பின்பே பேச்சு. கற்றோரும் மேற்றிராணிமாரும் செய்த சத்தியத்தைத் தந்தையும் செய்தாலென்ன என்று அவள் வாதாடினாள். அன்பும் அறிவும் கலந்த அவ்வாதம் வெறும் ஏவாளின் வாதமன்று என்று அவருக்குத் தெரிந்திருந்தும், அவளை அன்போடு ஏவாள் என்று அழைத்துப் பரிகசித்தார். மற்றவர் மனச்சாட்சியில் தாம் தலையிடுவதில்லை என்றும், தம் ஆன்மாவை இன்னொருவர் முதுகில் ஏற்றிவிட முடியாதென்றும் விளக்கினார்.

அலிஸ் அம்மையாரின் கேள்வி இன்னும் நேரானது. நல்ல வீடும் நூல்நிலையமும் தோட்டமும் மனைவி மக்களும் காத்திருக்க, எலிகளின் நடுவே ஏன் கிடக்கவேண்டும் என்று அவர் கேட்டார். இந்த அறையும் நம் வீட்டைப்போலவே மோட்சத்துக்குச் சமீபமல்லவா என்று மோர் மறுமொழி சொன்னார். அம்மையாருக்கு அது திருப்தி தரவில்லை. அவர்மேல் நாம் குறைகூற முடியுமா? கணவருக்கும் அவரது ஏவலாளுக்கும் சிறையில் உணவுக்காகக் கிழமைக்கு 15 சிலிங் அவரே செலுத்தவேண்டியிருந்தது. அதற்காகத் தம் உடைகளையே விற்றார். கணவரின் முடிவு அவருக்கு முழுமையாக விளங்கவில்லை. ஆயினும் கணவரைக் கைவிடவுமில்லை. திருமண வார்த்தைப்பாட்டை அவரும் தம் வழியில் காத்தார்.

குடும்பத்துக்கு நேரப்போவதை எண்ணி மனைவியின் அருகில் உறக்கமின்றிக் கிடந்த இரவுகள் பல என்று மோர் மகளிடம் ஒப்புக்கொண்டார். அவர் கல்நெஞ்சரல்லர். பாடுகளின் வேளையில் ஒலிவமலைத் தோட்டத்தில் யேசு அடைந்த துயரைத் தியானித்து, சிறையிலேயே இலத்தீனில் ஒரு நூல் எழுதத் தொடங்கினார். 1535 யூனில் அவரது நூல்களும் தாள்களும் பறிக்கப்பட்டன. அன்றிலிருந்து யன்னல் கதவுகளைச் சாத்தியே வைத்தார். சரக்கு எடுபட்டபின் கடையைப் பூட்டவேண்டியதுதானே என்று காவலரிடம் வேடிக்கையாகச் சொன்னார். பின்பு கரித்துண்டினால் மகளுக்குக் கடிதம் எழுதினார்.

தீர்ப்பும் கடைசிக் கடிதமும்

1535 யூன் 22இல் மேற்றிராணியார் யோன் பிஷர் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். யூலை 1ஆம் நாள் வெஸ்ற்மின்ஸ்ரர் மண்டபத்தில் மோர் விசாரிக்கப்பட்டார். நீதிபதிகளாக அமர்ந்தவர்களுள் ஆன் பொலீனின் தந்தையும் சகோதரனும் இருந்தனர். றிச்சர்ட் றிச் என்பவன் சொன்ன பொய்ச்சாட்சியத்தின்பேரில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்புக்குப் பின்னரே மோர் தம் மௌனத்தைக் கலைத்தார். எந்தப் பாராளுமன்றமும் உலகத் திருச்சபைக்கு விரோதமாகச் சட்டம் செய்யமுடியாதென்று தெளிவாகக் கூறினார். பின்பு, ஸ்தேவானின் கொலைக்கு உடந்தையாயிருந்த பவுலும் ஸ்தேவானும் இன்று மோட்சத்தில் நண்பராயிருப்பதுபோல், தாமும் தம் நீதிபதிகளும் அங்கே மகிழ்ச்சியுடன் சந்திக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

கோபுரச் சிறைக்குத் திரும்பும் வழியில் மகன் யோன் முழந்தாளிட்டு ஆசி கேட்டார். மார்கிரட் ஆயுதம் தாங்கிய காவலரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து தந்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். விலகிச் சிறிது தூரம் சென்றவள், மனம் தாளாமல் மீண்டும் ஓடிவந்து அணைத்துக்கொண்டாள். கண்ட காவலரும் அழுதனர்.

யூலை 5ஆம் நாள் மோர் தம் உரோமச் சட்டையை மார்கிரட்டுக்கு அனுப்பிவைத்தார். கரியினால் கடைசிக் கடிதத்தையும் எழுதினார். அதில் அரசியல் இல்லை, முறைப்பாடு இல்லை, முழுவதும் குடும்பமே. சிசிலிக்கு ஒரு கைக்குட்டை. வளர்ப்பு மகளுக்கு அவளது கணக்குக் கல். சொத்து மகன் கைக்கு வந்தால் சகோதரி எலிசபெத்துக்கு எழுதிவைத்ததை மாற்றக்கூடாது என்ற கவனமான சொல். மருமகளுக்கு நன்றி. யோனின் சின்னஞ்சிறு பிள்ளைகள் தோமசுக்கும் ஒஸ்ரினுக்கும் ஆசீர். உலக உபசாரங்களைப் பாராமல் மகள் துறைமேடையில் தம்மை முத்தமிட்டதுபோல் வேறெப்போதும் தமக்குப் பிடித்ததில்லை என்றும் எழுதினார்.

மறுநாள் காலை கொலைக்களத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மேடை ஆட்டம் கண்டதால், ஏற மட்டும் உதவுமாறும் இறங்குவதைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் அதிகாரியிடம் கூறினார். திருச்சபையின் விசுவாசத்தில் இறப்பதாகவும், அரசனுக்கு நல்ல ஊழியனாயினும் முதலில் தாம் கடவுளின் ஊழியன் என்றும் அறிக்கையிட்டார். கொலைஞனை முத்தமிட்டார். தாடியை விலக்கி வைத்து, அது இராசதுரோகம் செய்யவில்லையே என்றார். கோடரி வீழ்ந்தது.

பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்

அவரது தலை இலண்டன் பாலத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் குத்திவைக்கப்பட்டிருந்தது. மார்கிரட் அதனைப் பெற்றுப் பேணிவைத்தாள். அது இன்று கன்ரபரி புனித டன்ஸ்ரன் ஆலயத்தில் றோப்பர் குடும்பக் கல்லறையில் உள்ளது. குடும்பத்தின் சொத்துக்கள் பறிக்கப்பட்டன. சிசிலியின் கணவர் 1540ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டார்.

ஆயினும் அவர் விதைத்தது அழியவில்லை. வளர்ப்பு மகள் மார்கிரட் கிக்ஸ், பால்காரியைப்போல் வேடமிட்டுச் சிறைக்குள் நுழைந்து, பட்டினியால் சாகவிடப்பட்ட கார்த்தூசியன் துறவிகளுக்கு உணவூட்டினாள். மருமகன் றோப்பர் ஒருகாலத்தில் லூத்தரின் கொள்கையில் மயங்கியிருந்தவர். மாமனாரின் வாதத்தால் அன்றி அவரது செபத்தால் மீண்டவர். அவரே மாமனாரின் வரலாற்றை எழுதி வருங்காலத்துக்கு விட்டுச்சென்றார். மார்கிரட்டின் மகள் மேரி, பாட்டனார் சிறையில் இலத்தீனில் எழுதிய யேசுவின் துயர் பற்றிய நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தாள். 1557ஆம் ஆண்டில் அது அவரது ஆங்கில நூல்களின் தொகுப்பில் அச்சேறியது. பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்த அந்த வீட்டுக் கல்வி, மூன்றாம் தலைமுறையில் இவ்வாறு கனிகொடுத்தது.

பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1935 மே 19ஆம் நாள் தோமஸ் மோரையும் யோன் பிஷரையும் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். யூன் 22ஆம் நாள் இருவரின் திருநாள் கொண்டாடப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், அரசியலாளருக்கு அவரைப் பாதுகாவலராக அறிவித்தார். இல்லறத்தாருக்கும் அவர் பாதுகாவலர் என்று கூறுவதில் தவறில்லை.

நமது நாட்டில் ஒல்லாந்தர் காலத்தில் குருக்களே இல்லாதிருந்த வேளையிலும், 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் வந்துசேரும்வரை, விசுவாசத்தைக் காத்தவை வீடுகளே. பாட்டன் பாட்டிமார் சொல்லிக்கொடுத்த செபங்களே அணையாத விளக்காய் இருந்தன. இதை மறந்துவிடலாகாது. பிள்ளைகளுக்கு வீடும் காணியும் சீதனமும் சேர்த்து வைப்பது தந்தையின் கடமை எனக் கருதுகிறோம். மோர் தம் பிள்ளைகளுக்கு அவற்றை விட்டுச்செல்ல முடியவில்லை. பொய் சொல்லாத ஒரு தந்தையின் நினைவையும், இரவுச் செபத்தையும், கல்வியையுமே விட்டுச்சென்றார். நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சொத்து குறையவில்லை.

நமது குடும்பங்களின் தந்தையர் அனைவருக்காகவும், சிறப்பாக உண்மைக்காக உத்தியோகமும் வருமானமும் இழந்து தவிப்போருக்காகவும், அவர்தம் மனைவி மக்களுக்காகவும் புனித தோமஸ் மோர் ஆண்டவரிடம் மன்றாடுவாராக.